மேரி டிரேப்பர் இங்கில்ஸ் வரைபடம்கூட இல்லாமல் 800 கி.மீ. நடந்து வீடு திரும்பியது எப்படி?

ஆற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தார். முழு வழியும் எதிரோட்டம்தான்.

1755 ஜூலையில் ஷானி பழங்குடியினர் வர்ஜீனியாவின் டிரேப்பர்ஸ் மெடோ குடியிருப்பைத் தாக்கி, மேரியையும் அவருடைய இரண்டு பையன்களையும் பிடித்துப்போனார்கள். அந்த ஊர்ப் பக்கம் ஓடும் நியூ ரிவர்தான் கீழே கனாவா என்று பெயர் மாறி ஒஹாயோ ஆற்றில் விழுகிறது. ஆக, ஒஹாயோ கரையோரமாக மேலே வந்து, கனாவா கலக்கும் இடத்தில் திரும்பினால் போதும். உப்புக் காய்ச்ச அவரைக் கூட்டிப்போன பிக் போன் லிக், ஒஹாயோவின் தென்கரைப் பக்கம், இன்றைய கென்டக்கியில் இருக்கிறது. அங்கிருந்துதான் அவரும், கூடப் பிடிபட்டிருந்த ஒரு கிழவியும் தப்பிக் கிளம்பினார்கள். கனாவாவும் தெற்கிலிருந்துதான் வந்து சேர்கிறது. ஒஹாயோ என்ற பேராற்றைக் கடக்கும் வேலையே இல்லை!

சிக்கல் கிளையாறுகளில். இருவருக்கும் நீச்சல் தெரியாது. லிக்கிங், பிக் சாண்டி போன்ற ஒவ்வொன்றிலும் ஆழம் குறையும் வரை மேலே ஏறி, கடந்து, மறுகரையில் அவ்வளவு தூரமும் இறங்கி வரவேண்டும். 40 நாளுக்கு மேல் ஆனதற்கு இதுவே காரணம். வழியில் சோளமும் ஒரு குதிரையும் கிடைத்தன. குதிரை மிதவைக்கட்டைக் குவியலில் கால் சிக்கி நின்றுவிட்டது, விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

கிளம்பியது அக்டோபரில். கையில் ஆளுக்கொரு போர்வை, ஒரு கைக்கோடரி. முதலில் வால்நட்டும் காட்டுத் திராட்சையும் கிடைத்தன. நவம்பரில் பழம் தீர்ந்துவிடும். இலை உதிர்ந்துவிட்டால் எந்தக் கிழங்கு தின்னத்தக்கது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். கூட வந்த 'டச்சுக் கிழவி' (அநேகமாக ஜெர்மன்காரி, அன்றைக்கு டாய்ச் என்பதை டச்சு என்பார்கள்) பசி முற்றி மேரியைக் கொல்லப் பார்த்தார். மேரி தப்பி, கரையில் இலைகுப்பை நிறைந்து கிடந்த ஒரு மரத்தோணியைக் காலி செய்து, கிடைத்த பலகைத் துண்டால் தள்ளி இரவில் நியூ ரிவரைக் கடந்தார்.

கடைசித் தடை, ஆற்றை ஒட்டிய செங்குத்துப் பாறை. ஏறி இறங்க ஒரு பகல் போனது. அப்பால் இருந்த சோளக்காட்டில் பழைய அண்டைவீட்டுக்காரர் ஆடம் ஹார்மன் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார். பின்னால் அந்தக் கிழவியையும் மீட்டார்கள்.

வழியில் பிறந்த குழந்தையை விட்டுவிட்டு வந்தார் என்ற கதையை நான் நம்புவதில்லை. பின்னாளில் பிறந்த மகன் ஜான் எழுதிவைத்த வரலாற்றில் அது கிடையாது. பிடிபட்ட பையன்களை ஷானி ஊரிலேயே பிரித்துவிட்டிருந்தார்கள். ஜார்ஜ் இறந்துபோனான். தாமஸை 1768இல் பணம் கொடுத்து மீட்டபோது அவனுக்கு வயது 17, பேசியது ஷானி மொழி.