கிணற்று நீச்சல் கடலுக்குப் போதுமா?

கேள்வி: சிட்னிக்கு முதுகலை படிக்க வந்து ஏழு மாதம் ஆகிறது. கூடத் தங்கியிருக்கும் பெண்கள் மேன்லி கடற்கரையில் சர்ஃபிங் (பலகையில் நின்று அலையேறும் விளையாட்டு) வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு என்னையும் கூப்பிடுகிறார்கள். ராசிபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவள் நான். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. விஷயத்தைச் சொன்னதும் அம்மா வீடியோ காலிலேயே அழுதுவிட்டார். போகலாமா?
- ஒரு வாசகி, சிட்னி

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் தோழிகளோடு இந்த வாரமே வேண்டாம், ஆறு வாரம் கழித்துப் போங்கள்.

நானும் கிணற்றில் பழகியவள்தான். முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை படியில் நின்ற பெரியப்பா கையில். 2009-ல் படிக்க சிட்னிக்குப் போனபோது, "நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார்கள். தயங்காமல் தலையாட்டினேன். தண்ணீர் பயத்தைப் போக்கியதும் மூச்சடக்கச் சொல்லித் தந்ததும் கிணறுதான், அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. ஆனால் கிணற்றில் நாலு கை வீசினால் எதிர்ப்படி வந்துவிடும். கடலில் பிடிக்க எதுவும் கிடையாது. பக்கத்தில் இருக்கும் கவுன்சில் நீச்சல் குளத்துக்குப் போங்கள். நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், ஐந்து நிமிடம் மல்லாந்து மிதக்கவும் வந்த பிறகு வகுப்புக்குப் பணம் கட்டுங்கள். இது எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு. 50 மீட்டர் குளத்தில் முதல் நாள் பாதி வழியிலேயே கயிற்றைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆறு வாரத்தில் சரியாயிற்று. நீங்கள் தயாராகும்போது மார்ச் முடிந்திருக்கும். அப்போதும் சிட்னி கடலில் குளிர் ஏறியிருக்காது.

இனி முக்கியமான விஷயம். முதல் வகுப்பில் பயிற்சியாளர் எங்களைக் கால் மணி நேரம் மணலில் நிற்கவைத்து, கடலைப் பார்க்கச் சொன்னார். "எங்கே இறங்குவீர்கள்?" என்று கேட்டார். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பட்டை மட்டும் கறுத்து அமைதியாகக் கிடந்தது. நம் ஊர்க் கண்ணுக்கு அதுதான் இறங்கத் தோதான துறை. நான் அதைத்தான் காட்டினேன். "அதுதான் ரிப்" என்றார். ஆளைக் கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டம்.

நீங்கள் தோட்டக்காரர் வீட்டுப் பெண், உடனே புரிந்துவிடும். பாத்தியில் தண்ணீர் நிறைந்தால் மடை வெட்டிய இடத்தில் பிய்த்துக்கொண்டு ஓடும் இல்லையா? அலைகள் கரைக்குத் தள்ளிய தண்ணீரும் அப்படித்தான், மணலில் பள்ளமாக இருக்கும் வழியே கடலுக்குத் திரும்பி ஓடுகிறது. ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடைவதில்லை, அதனால்தான் அமைதியாகத் தெரிகிறது. அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், கை ஓய்ந்துவிடும். மிதந்தபடி ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கம் நகருங்கள். பலகை இருந்தால் அதை விடவே கூடாது. அதைவிடப் பெரிய மிதவை உங்களுக்குக் கிடைக்காது.

சும்மா குளிக்கப் போகிற நாளில் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். உயிர்காப்பாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் அது. சர்ஃபிங் பலகைகளுக்கு அதற்கு வெளியே இடம் உண்டு.

வகுப்பில் எட்டு, ஒன்பது அடி நீள மெத்துப் பலகை தருவார்கள். குப்புறப் படுத்து, விலாவுக்குப் பக்கத்தில் கை ஊன்றி, ஒரே மூச்சில் எழ வேண்டும். மணலில் இருபது தடவை செய்த பிறகுதான் இடுப்பளவுத் தண்ணீர். அலை உடைந்து நுரையாக வரும்போது பின்னாலிருந்து தள்ளிவிடுவார்கள். பன்னிரண்டாவது முறை நான் நின்றேன். மூன்று நொடி இருக்கும். பலகை அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது, நுரை இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு ஓடியது, கரை தானாக என்னை நோக்கி வந்தது. குனிந்து காலைப் பார்த்தேன், விழுந்தேன். பார்வை கரையில்தான் இருக்க வேண்டும்.

விழுவதில் கிணற்றுக்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை: தலைகீழாகப் பாயும் பழக்கம் இங்கே ஆகவே ஆகாது. அடியில் மணல் மேடு இருந்தால் கழுத்து முறியும். முதுகோ பக்கவாட்டோ படும்படி தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள், பலகை உங்கள் தலைக்கு மேலேயே இருக்கலாம்.

வகுப்பு முடிந்த அடுத்த மாதம் ஒரு கடையில் பலகை வாடகைக்கு எடுத்துத் தனியாக இறங்கினேன். பலகையைக் கணுக்காலோடு பிணைக்கும் லீஷ் கயிறு நைந்திருந்ததைக் கவனிக்கவில்லை. அறுந்தது, பலகை கரைக்குப் போய்விட்டது. அன்று என்னைக் கரைசேர்த்தது குளத்தில் பழகிய அந்த 200 மீட்டர்தான். கயிற்றை இழுத்துப் பார்க்காமல் யாரிடமும் பலகை வாங்காதீர்கள். தனியாக இறங்கவும் வேண்டாம்.

ஒருநாள் மேன்லிக்கு வடக்கே இருக்கும் ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரைக்கு நடந்து போய்ப் பாருங்கள். ஹவாய் நீச்சல் வீரரான டியூக் கஹனமோகு, அங்கேயே மரம் வாங்கிச் செதுக்கிய பலகையில் அலையேறிக் காட்டிய இடம் அது. 1915 தொடக்கத்தில் அவரோடு அதே பலகையில் ஏறி நின்ற இசபெல் லெதமுக்கு அப்போது வயது 15. பிற்காலத்தில் நீச்சல் ஆசிரியையாகப் பல பேருக்குக் கற்றுக்கொடுத்தவர். அங்கே போகும்போதெல்லாம் டியூக்கின் சிலையைவிட அந்தப் பெண்ணின் நினைவுதான் எனக்கு அதிகம் வரும்.

அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் அம்மாக்களுக்குக் கடல் என்றால் 2004 டிசம்பர் 26 தான் கண்முன் வரும். வகுப்பு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மேன்லியில் நின்றுகொண்டு வீடியோ காலில் கூப்பிடுங்கள். கொடிகளைக் காட்டுங்கள், கடலையே பார்த்துக்கொண்டிருக்கும் உயிர்காப்பாளரைக் காட்டுங்கள், பலகையோடு இறங்கும் எட்டு வயதுப் பிள்ளைகளைக் காட்டுங்கள். பிறகு குளத்தில் எத்தனை மீட்டர் நீந்தினீர்கள் என்று வாரா வாரம் சொல்லிக்கொண்டே வாருங்கள். என் அம்மா நாலாவது வாரம், "இன்னிக்கு எவ்வளவு?" என்று தானாகவே கேட்டார்.