நெடுந்தூர வீடு மாற்றம்: நடுவழியில் ட்ரெயிலர் சக்கரம் இறுகினால்

தம்பி, நீங்கள் களுவாஞ்சிகுடியில் இருந்து வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ரொறன்ரோவில் இருந்து கல்கரிக்குக் குடும்பத்தோடு மாறப் போகிறோம், ஒற்றை அச்சுப் பழைய ட்ரெயிலர் ஒன்று வாங்கியாச்சு, வழியில் உடைந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டிருப்புப் பாலம் தாண்டி நெல் ஏற்றப் போகும் மெசின் பெட்டியை, அதாவது உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியை, மனதில் வைத்து இதைப் பார்க்காதீர்கள். அது ஊர்ந்து போகும். சக்கரத்தை உரசாமல் சுழலவிடும் உருளை வளையமான பெயாரிங்கில் கிறீஸ் வற்றினாலும் ஒரு போகத்தை ஓட்டி முடிக்கும். இங்கே சக்கரம் 100 கிலோமீற்றர் வேகத்தில் மணிக்கணக்காகச் சுழலும். கிறீஸ் வற்றினால் அந்தப் பயணத்திலேயே எரிந்து இறுகிவிடும். அதுவும் நீங்கள் போகும் வழி லேசானது இல்லை. சூ சென் மரியில் இருந்து தண்டர் பே வரை ஏறக்குறைய 700 கிலோமீற்றர். மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்குப் போய்த் திரும்புவதை விடக் கூட. இடையில் சின்னச் சின்ன ஊர்கள்தான், பல இடத்தில் போன் சிக்னலும் இல்லை.

ஆகவே உதிரியாகப் பெயாரிங் மட்டும் வாங்கி வைக்காதீர்கள். கிறீஸ் அடைத்து, சீல் போட்டு, அப்படியே மாட்டக்கூடிய முழு ஹப் (சக்கரம் பூட்டும் நடுக்குடம்) ஒன்று கொண்டுபோங்கள். பெயாரிங் எரிந்தால் ஹப்புக்குள் இருக்கும் வளையமும் கெட்டுப்போகும். அதை வீதி ஓரத்தில் தட்டிக் கழற்றுவது பெரும்பாடு. 3,500 இறாத்தல் தாங்கும் அச்சில் பெரும்பாலும் உள்பக்கப் பெயாரிங் எண் எல் 68149, வெளிப்பக்கம் எல் 44649 இருக்கும். சிறிய அச்சில் இரண்டு பக்கமும் எல் 44643 வரலாம். ஊகித்து வாங்க வேண்டாம். ஒரு சக்கரத்தின் ஹப்பைக் கழற்றி, பெயாரிங்கில் பொறித்த எண்ணைப் பாருங்கள். கழற்றியதோடு இரண்டு சக்கரத்துக்கும் புதுக் கிறீஸ் அடைத்துவிடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

பெயாரிங் சொல்லாமல் சாகாது. பெற்றோல் அடிக்க நிற்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு, அல்லது ஒன்று மற்றதை விட நன்றாகச் சுடுகிறது என்றால் அங்கேயே நில்லுங்கள். ரிம்மின் உள்பக்கம் கறுப்பாகக் கிறீஸ் தெறித்திருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

அரைக்கிற சத்தம், கருகின மணம் வந்தால் "அடுத்த ஊர் வரைக்கும்" என்று இழுக்காதீர்கள். மெல்ல வேகம் குறைத்து, வலது ஓரத்தில் மட்டமான இடத்தில் நிறுத்துங்கள். பிள்ளைகளை வாகனம் ஓடாத வலது பக்கக் கதவால் இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். ட்ரெயிலரைக் காரில் இருந்து கழற்ற வேண்டாம். மற்றச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ட்ரெயிலரைத் தூக்குவதற்கு முன்பே வீல் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஜக்கை அச்சின் நடுவில் வைத்தால் அச்சு வளையும். ஸ்பிரிங் பூட்டிய இடத்துக்குக் கீழே வையுங்கள். கார் ஜக் பல நேரம் எட்டாது. 2 தொன் போத்தல் ஜக்கும், அடியில் வைக்க ஒரு தடித்த பலகையும் வேண்டும்.

ஹப்பின் மூடி, கொட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி), நட்டு, வாஷர் எல்லாம் கழற்றி ஹப்பை இழுத்தால் அச்சு முனை தெரியும். துணியால் துடைத்து நகத்தால் வருடிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் புது ஹப் மாட்டலாம். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், அல்லது இரும்பு நீலமாக மாறியிருந்தால், மாட்டாதீர்கள். அது மறுபடியும் எரியும், சக்கரம் கழன்றும் ஓடும். அப்போது இழுவை வண்டிதான்.

மாட்டும்போது ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்குங்கள். பின் துளை நேருக்கு வராவிட்டால் தளர்த்தித்தான் நேராக்க வேண்டும். இறுக்கமாகப் பூட்டுவதுதான் எல்லோரும் விடும் பிழை. கொட்டர் பின் புதிதாகப் போடுங்கள். 20 கிலோமீற்றர் ஓடியதும் நின்று சூடு பாருங்கள், வீல் நட்டுகளையும் திரும்ப இறுக்குங்கள்.

ரயரின் பக்கத்தில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. ஆறு வருடம் தாண்டியதைப் பூ தேயாமல் இருந்தாலும் மாற்றுங்கள். உதிரிச் சக்கரம் கட்டாயம்.

பாரத்தில் 60 வீதம் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும், பின்பாரம் கூடினால் ட்ரெயிலர் பாம்பு போல ஆடும். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவைத் தாண்டினால் ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் வேண்டும்.

இழுவைச் சேவைக்கு அங்கத்துவம் இருந்தால், ட்ரெயிலரையும் இழுப்பார்களா என்று வெளிக்கிடுவதற்கு முன் கேளுங்கள். காருக்கு மட்டும் தருவதும் உண்டு. கடவுச்சீட்டு, குடிவரவுப் பத்திரங்கள், நகை, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை ஒன்றும் ட்ரெயிலரில் போகக் கூடாது. ட்ரெயிலரை ஓரத்தில் விட்டுப் போக நேர்ந்தால் மாகாணப் பொலிசுக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், தம்பி.