நெல்லை வெயிலில் கடுங்கார மிளகாய்: கேள்வி பதில்

கரோலினா ரீப்பர், பூத் ஜோலோக்கியா, ஹபனேரோ, கூடவே நம்ம காந்தாரி. இவற்றை வீட்டில் வளர்ப்பவர்கள் கேட்டவையும், அதற்கான பதில்களும்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, ரீப்பர் விதை பாக்கெட்ல பிப்ரவரியில விதைக்கச் சொல்லிப் போட்டிருக்கு. இப்பவே போட்டுரலாமா?

வேண்டாம் தம்பி. அது பனி கொட்டுற நாட்டுக்கான கணக்கு. அங்கே குளிர் முடியக் காத்திருக்காங்க. நமக்குத் தடையா நிக்கிறது இரவுச் சூடு. ராத்திரி 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்ல இந்தச் செடிகள்ல மகரந்தம் சரியா வேலை செய்யாது, பூ வரும், பிஞ்சு நிக்காது. பிப்ரவரியில விதைச்சா நாற்றைக் கத்திரி வெயில்ல நடணும், பூக்கிறது ஆனிக் காத்துல. ரெண்டுமே கெட்ட நேரம்.

நம்ம ஊருக்கு ஆடிப்பட்டம்தான் சரி. ஆனா இந்த ரகங்கள் நாட்டு மிளகாயைவிட மந்தமா வளரும், அதனால ஒரு மாசம் முந்திக்கணும். ஆனி தொடக்கத்துல விதை, ஆவணி கடைசிக்குள்ள பெரிய பைக்கு மாற்றம். ஐப்பசி மழைக்கு முன்னாடி வேர் பிடிச்சிரும். கார்த்திகையில ராத்திரி குளிரும்போது பூ வரும். தையிலிருந்து பங்குனி வரைக்கும் பறிப்பு. மற்ற எல்லாத் தவறையும் திருத்திக்கலாம், பட்டம் தப்பினா அந்த வருஷம் போச்சு.

ஆலங்குளம்: பன்னிரண்டு நாளாச்சு, ஒரு விதைகூட முளைக்கலியே. செத்துப்போச்சா?

இல்லை. சம்பா மிளகாய் ஏழெட்டு நாள்ல வரும். ரீப்பர், பூத் ஜோலோக்கியா 10 முதல் 30 நாள் வரை எடுக்கும், காந்தாரியும் அப்படித்தான். கிளறிப் பார்க்காதீங்க, முளை ஒடிஞ்சிரும்.

அடுத்த தடவை விதையை எட்டு மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணில ஊற வைங்க. கழுவின தென்னை நார்த்தூள் நிரப்பின குழித்தட்டுல அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். ஒரு குழிக்கு ஒரு விதை. மேலே பாலித்தீன் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்துல வைங்க. முளை தெரிஞ்ச அன்றைக்கே மூடியை எடுத்துரணும், இல்லேன்னா நாற்றழுகல் வரும். மண்ணை ஒட்டின தண்டு நூல் மாதிரி மெலிஞ்சு பழுப்பாகி, காலையில நின்ன நாற்று சாயங்காலம் படுத்திருந்தா அதுதான். அதுக்கு மருந்து தேடுறதைவிட, மேல்மண் காய்ஞ்ச பிறகு மட்டும் தட்டுக்கு அடியிலிருந்து தண்ணி காட்டுறதே நல்ல காவல்.

சங்கரன்கோவில்: எங்க கரிசல் மண்ணையே பையில நிரப்பலாமா? எவ்வளவு பெரிய பை வேணும்?

கரிசல் நிலத்துல சிறந்த மண், பைக்குள்ள ஆகாது. நனைஞ்சா களியாகி வேருக்குக் காத்துப் போகாது, காய்ஞ்சா வெடிச்சு வேரை அறுக்கும். செம்மண் ரெண்டு பங்கு, மட்கின தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, பை ஒன்றுக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. கலந்து, ஈரம் காட்டி, பத்து நாள் வெச்சுட்டு நடுங்க. நார்த்தூளைத் தண்ணில அலசினா தேநீர் நிறத்துல சாயம் இறங்கும். அது வெளுக்கிற வரை அலசணும், உள்ளே இருக்கிற உப்பு செடியைக் கருக்கும்.

ரீப்பருக்கு 15 லிட்டருக்குக் குறையாத பை. இருபது லிட்டர் பெயின்ட் வாளியில அடியிலும், அடியை ஒட்டின பக்கவாட்டிலும் எட்டுப் பத்து ஓட்டை போட்டாலும் போதும். செங்கல் மேல தூக்கி வைங்க.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, இலை எல்லாம் சுருண்டு கெடக்கு. வேப்பெண்ணெய் ரெண்டு தடவை அடிச்சும் கேக்கல.

எந்தப் பக்கம் சுருண்டிருக்குன்னு முதல்ல பாருங்க. மருந்து அதைப் பொறுத்ததுதான்.

இலை ஓரம் மேல்நோக்கி, படகு மாதிரி மடங்கியிருந்தா இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடிச்சு கொழுந்தைத் தட்டுங்க. அரிசிக் குருணையைவிடச் சின்னதா, வெளிர் மஞ்சளோ கறுப்போ ஊர்ந்து போகும். 2021-ல ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காட்டை அழிச்ச கறுப்பு இலைப்பேன் பூவுக்குள்ள ஒளியும், அதனால பூவையும் பிரிச்சுப் பாருங்க. நீல ஒட்டுப் பொறி தொங்கவிடுங்க. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கூடச் சில சொட்டு காதி சோப்புக் கரைசல். இலையின் அடிப்பக்கம் நனையணும், சாயங்காலம்தான் அடிக்கணும், அஞ்சு நாளைக்கு ஒரு தடவை மூணு முறை. மேலே மட்டும் அடிச்சா கேக்காது. பெரும்பாலும் தவறு அங்கேதான் நடக்குது.

இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு மட்டும் நீண்டு, அடிப்பக்கம் மங்கின வெண்கல நிறமா இருந்தா மஞ்சள் சிலந்தி (மைட்). கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வேணும். இதுக்கு நனையும் கந்தகம் (தண்ணில கலக்குற கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம். எச்சரிக்கை ஒண்ணு: வேப்பெண்ணெய் அடிச்சு ரெண்டு வாரம் ஆகாம கந்தகம் அடிக்காதீங்க. 32 டிகிரிக்கு மேலே வெயில் இருக்கிற நாள்லயும் வேண்டாம். ரெண்டும் சேர்ந்தா இலை வெந்துரும். நீங்க இப்பத்தான் எண்ணெய் அடிச்சிருக்கீங்க, சிலந்தின்னா அதுவரைக்கும் கெட்ட கொழுந்தைக் கிள்ளி எடுத்துக்கிட்டு, தினம் காலையில இலையின் அடியில தண்ணியைப் பீய்ச்சுங்க.

மூணாவது, இலை சிறுத்து, நரம்பு மஞ்சளாகி, செடியே குள்ளமா கொத்தாயிட்டா வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். மருந்து இல்லை. மனசு கேக்காதுதான், ஆனாலும் பிடுங்கிப் புதைச்சாத்தான் பக்கத்துச் செடி பிழைக்கும்.

மேலப்பாளையம்: செடி தளதளன்னு இருக்கு, பூ மட்டும் உதிர்ந்துக்கிட்டே இருக்கு அண்ணே. வாரம் ரெண்டு தடவை கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊத்துறேன்.

அந்தக் கரைசலை நிறுத்துங்க. அதுல தழைச்சத்து அதிகம், செடி இலை போடுற வேலையை விடவே மாட்டேங்குது. முதல் மொட்டு கண்டதும் சாம்பல் சத்துக்கு மாறணும்: 13:0:45 உரம் (பொட்டாசியம் நைட்ரேட்) லிட்டருக்கு 2 கிராம், பத்து நாளுக்கு ஒரு தடவை வேருக்கு. காலை எட்டு மணியிலிருந்து பத்துக்குள்ள மகரந்தம் உதிர கிளையை லேசா தட்டிவிடுங்க. அதுக்கும் நிக்கலேன்னா பூ உதிர்வைத் தடுக்கிற பிளானோபிக்ஸ்ங்கிற பயிர் ஊக்கி மருந்து, 4.5 லிட்டர் தண்ணிக்கு 1 மில்லி. ஒரு லிட்டர்தான் கலக்குறீங்கன்னா 1 மில்லி சிரிஞ்சில் கால் பாகத்துக்கும் கொஞ்சம் குறைவு. கூடினா இலை முறுக்கிக்கும். மாசிக்கு அப்புறம் வர்ற பூ உதிர்வுக்கு சூடுதான் காரணம். மேற்குப் பக்கம் 50 சதவீத பச்சை நிழல்வலை கட்டினா ஓரளவு தாங்கும்.

திசையன்விளை: எங்க போர் தண்ணி உப்பு. இலை ஓரம் காய்ஞ்சு போவுது. ஆர்.ஓ. மெஷின்ல வெளியேறுற தண்ணி ஊத்தலாமா?

ஊத்தவே கூடாது. வடிகட்டின உப்பெல்லாம் அதுலதான் இருக்கு. தண்ணில கரைஞ்ச உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர்ல 500-க்குள்ள இருந்தா கவலை இல்லை. ஆயிரம் வரை சமாளிக்கலாம். 1500 தாண்டினா ரீப்பர் வேண்டாம். ஐப்பசி மழைத் தண்ணியைப் பிடிச்சு வெச்சு பாதிக்குப் பாதி கலந்து விடுங்க. மாசம் ஒரு தடவை, 15 லிட்டர் பைக்கு நல்ல தண்ணி 20 லிட்டர் மெதுவா ஊத்தி, அடியில ஒழுகவிடணும். தேரி மணல்ல (செம்மணல் மேட்டு மண்ணுல) நட்டா சத்தும் தண்ணியோட போயிரும், தொழுவுரத்தை ரெட்டிப்பாக்குங்க.

சேரன்மகாதேவி: மழையில பழத்துல வட்டம் வட்டமா கறுப்பு விழுது.

பழ அழுகல். பாதிச்ச பழம், நுனி காய்ஞ்ச கிளை எல்லாத்தையும் வெட்டி வெளியே போடுங்க. பையைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தி பழத்து மேல மழை படாம பார்த்துக்கிட்டா பாதி தீரும். அந்தப் பழத்து விதையை எடுத்து வைக்காதீங்க, நோய் விதையோட வரும்.

தென்காசி: ரீப்பர் பக்கத்துல குடமிளகாய் வெச்சிட்டேன். குடமிளகாயும் காரமாயிருமா?

இந்த வருஷக் காய் மாறாது. காய்க்குள்ள இருக்கிற விதைதான் கலந்திருக்கும், அதை விதைச்சா அடுத்த தலைமுறையில தெரியலாம். சுத்தமான விதை வேணும்னா, மொட்டு விரியும் முன்னே சின்ன வலைப்பை கட்டி, உள்ளேயே காய் பிடிச்சதும் பையை எடுத்து, காம்புல நூல் சுத்தி அடையாளம் வைங்க.

களக்காடு: பெப்பர் எக்ஸ் விதை விலைக்கு வருதே, வாங்கலாமா?

வாங்காதீங்க. 2023-ல கின்னஸ் பதிவாகி 26 லட்சத்து 93 ஆயிரம் ஸ்கோவில் (காரத்தை அளக்கிற அலகு) காட்டின ரகம் அது, உருவாக்கியவர் விதையை வெளியே விற்கவே இல்லை. அதுக்கு முந்தின சாதனை ரீப்பருடையது, சராசரி 16 லட்சத்து 41 ஆயிரம். ரீப்பர்னு சொல்லி வேற விதை தர்றதும் உண்டு. பூக்கும்போது தெரிஞ்சுரும்: ஒரே கணுவில் ரெண்டு மூணு பூ, பச்சை கலந்த வெள்ளையில் தலை கவிழ்ந்து நின்னா அந்த இனம். கணுவுக்கு ஒரே ஒரு பால்வெள்ளைப் பூன்னா சாதாரண மிளகாய்.

நாங்குநேரி: பழம் செவந்தாச்சு அண்ணாச்சி. எப்பப் பறிக்க, எப்படிக் காய வைக்க? போன தடவை வெறுங்கையால அரிஞ்சு ராத்திரி பூரா எரிஞ்சுது.

முழுச் சிவப்பு ஏறி மூணு நாள் கழிச்சு, காம்போட கத்தரியால வெட்டுங்க. இழுத்தா கிளை முறியும். நைட்ரைல் கையுறை கட்டாயம்.

ரீப்பரை நீளவாக்குல பிளந்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. நடுவில வெள்ளை நரம்பு, அதுல மட்டுமில்லாம சுவரெல்லாம் எண்ணெய்த்துளி மின்னும். காரம் அந்த எண்ணெய்தான், விதையில உற்பத்தியாகுறதில்லை. தண்ணில கரையாது, அதனாலதான் கழுவக் கழுவ எரியுது. கை பட்டா தேங்காய் எண்ணெய் தேய்ச்சு, பாத்திரம் கழுவுற சோப்பால கழுவி, ரெண்டு மூணு முறை திரும்பச் செய்யுங்க. வெந்நீர் வேண்டாம். கண்ணுல பட்டா எண்ணெய் விடக்கூடாது, சுத்தமான தண்ணியால 15 நிமிஷம் கழுவிட்டே இருக்கணும். வாய்க்குக் கெட்டித் தயிர்.

முழுசா காய வைச்சா வெளியே காய்ஞ்சு உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பிளந்த பக்கம் மேலே இருக்க வெள்ளைத் துணியில பரப்புங்க. தை மாசப் பனி இறங்கும் முன்னே சாயங்காலம் வீட்டுக்குள்ள எடுத்துரணும். ஒடிச்சா சடக்குன்னு ஒடியணும், வளைஞ்சா இன்னும் ஒரு வெயில். அடுப்படியில அரைக்காதீங்க, வீடே இருமும். மாடியில, காத்துக்கு முதுகு காட்டி, முகக்கவசத்தோட அரைச்சு, ஜாரைப் பதினைஞ்சு நிமிஷம் மூடியே வைங்க.

காய வைக்காத பழத்தை எண்ணெயில போட்டு வெளியே வெச்சிராதீங்க, நச்சுக்கிருமி வளர இடமுண்டு. வினிகரும் உப்பும் பாதுகாப்பு. மீன்குழம்புக்கு ஒரு முழுப் பழத்தைக் கீறாம மிதக்கவிட்டு, வாசம் ஏறினதும் உடையாம எடுத்துருங்க. நாலு பேருக்கு அதுவே போதும்.