அழகுபடுத்திய டிராப்டவுனில் தெரிவை மாற்றுவது எப்படி? வன்னிக் கேள்விகளும் பதில்களும்

ஜாவாஸ்கிரிப்ட் வழியாக டிராப்டவுனில் ஒரு தெரிவை வைப்பது பற்றி இந்த முறை நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். செலக்ட் என்பது டிராப்டவுனுக்கான எச்டிஎம்எல் டேக். ஜேக்குவரி என்பது ஜாவாஸ்கிரிப்ட் வேலையை எளிதாக்கும் நூலகம். செலக்ட்2 அதன் மேல் ஓடி, சாதாரண செலக்ட்டை அழகான பெட்டியாகக் காட்டும் நூலகம்.

அறிவியல்நகர், கிளிநொச்சி: அக்கா, செலக்ட்2 போட்ட குளப் பட்டியலில் இரணைமடுவைத் தெரிவாக வைக்கிறேன். கன்சோலில் மதிப்பு சரியாக வருகிறது. திரையில் மட்டும் அக்கராயன் என்றே நிற்கிறது. ஏன்?

தம்பி, நீங்கள் எழுதியது பிழையில்லை, பாதியில் நிற்கிறது. அந்த இடத்தை இன்ஸ்பெக்ட் செய்து பாருங்கள். நீங்கள் எழுதிய செலக்ட் கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஸ்பான்களால் கட்டிய இன்னொரு பெட்டி இருக்கும். திரையில் தெரிவது அந்தப் பெட்டிதான். ஆனால் படிவத்தை அனுப்பும்போது சர்வருக்குப் போவது மறைந்திருக்கும் செலக்ட்டின் மதிப்பு.

சாதாரண செலக்ட்டில் ஒருவர் கையால் தெரிவு செய்தால் பிரவுசர் சேஞ்ச் ஈவென்ட்டை, அதாவது மதிப்பு மாறியது என்ற அறிவிப்பை, எழுப்பும். கோடு வழியாக மதிப்பை மாற்றினால் எழுப்பாது. செலக்ட்2 அந்த ஈவென்ட்டைக் கேட்டுத்தான் தன் பெட்டியைப் புதுப்பிக்கும். ஆகவே ஜேக்குவரியின் வேல் மெதட்டில் மதிப்பை வைத்த கையோடு, டிரிகர் மெதட்டில் சேஞ்ச் என்று கொடுங்கள். பக்கத்தில் சேஞ்சைக் கேட்கும் வேறு வேலைகள் ஓடக்கூடாது என்றால், சேஞ்ச், புள்ளி, செலக்ட்2 என்று சேர்த்து எழுதுங்கள். பெட்டி மட்டும் புதுப்பிக்கப்படும்.

இதைச் சின்ன விசயமாக விடாதீர்கள். கமக்காரர் ஒருவர் அக்கராயன் என்று பார்த்து அனுப்ப, பதிவில் இரணைமடு விழும். யாருக்கும் சந்தேகம் வராது.

வவுனியா: அக்கா, ஜேக்குவரியின் டிரிகரில் சேஞ்ச் கொடுத்தேன். பெட்டி மாறிவிட்டது. ஆனால் ஆட்ஈவென்ட்லிசனரில் நான் கட்டிய பங்ஷன் ஓடவே இல்லை.

ஓடாது தங்கச்சி. ஜேக்குவரி எழுப்பும் சேஞ்ச், ஜேக்குவரியில் கட்டியவற்றுக்கும் ஆன்சேஞ்ச் என்று எழுதியதற்கும்தான் கேட்கும். மறுபக்கமாகச் செய்யுங்கள்: புதிய ஈவென்ட் ஒன்றை சேஞ்ச் என்ற பெயரில் உருவாக்கி, மேலே உள்ள உறுப்புகளுக்கும் போகும்படி பபிள்ஸை ட்ரூ ஆக்கி, டிஸ்பாச்ஈவென்ட்டால் செலக்ட்டுக்கு அனுப்புங்கள். அது பிரவுசரின் சொந்த ஈவென்ட் என்பதால் இரண்டு தரப்பும் கேட்கும். புதிதாக எழுதுகிறவர்கள் இந்த வழியையே பழகிக்கொள்வது நல்லது. நாளைக்கு ஜேக்குவரியைக் கழற்றினாலும் உடையாது.

முல்லைத்தீவு: அக்கா, ஊர்ப் பெயரையே ஆப்ஷனின் மதிப்பாக வைத்திருக்கிறேன். புதுக்குடியிருப்பு, மாங்குளம், ஒட்டுசுட்டான் எல்லாம் சரியாக விழுகின்றன. கொக்கிளாயும் கொக்குத்தொடுவாயும் மட்டும் விழவில்லை. எழுத்தைப் பத்துத்தரம் பார்த்துவிட்டேன், ஒன்றுதான்.

கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. விழாத பெயர்களைக் கவனியுங்கள்: இரண்டிலும் கொ வருகிறது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னால் வரும் கொம்பு ஒன்று, பின்னால் வரும் கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. ஒரு கீபோர்டில் அடித்தது ஒரு விதம், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியெடுத்தது இன்னொரு விதம் என்று கலந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் குறியீடுகளைத்தான் ஒப்பிடும். பொருந்தும் ஆப்ஷன் இல்லாவிட்டால் செலக்ட் எதையும் தெரிவு செய்யாமல் வெறுமையாகிவிடும். தெரிவின் வரிசை எண்ணான செலக்டட்இன்டெக்ஸ் -1 ஆகும். பிழைச் செய்தியும் வராது.

உடனடி மருந்து: இரண்டு பக்கத்தையும் நார்மலைஸ் மெதட்டில் என்எப்சி (பிரிந்த குறியீடுகளைச் சேர்த்து எழுதும் வடிவம்) கொடுத்து ஒரே வடிவமாக்குங்கள். முன்பின் இடைவெளியை ட்ரிம்மால் வெட்டுங்கள். ஆனால் நிரந்தர மருந்து, பெயரை மதிப்பாக வைக்காமல் இருப்பது. எங்கள் ஊர்களின் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஒட்டுசுட்டானுக்கு நடுவில் ஒற்று போடுகிறவர்களும் உண்டு. மதிப்புக்கு ஒரு மாறாத குறியெண்ணைக் கொடுங்கள், தமிழ்ப் பெயர் பார்ப்பதற்கு இருக்கட்டும். குறியெண் 05 என்றால் அதை எழுத்தாகவே வைத்திருங்கள். வெறும் 5 என்ற எண்ணாக அனுப்பினால் அதுவும் பொருந்தாது.

மாங்குளம்: திருத்தும் பக்கத்தில் மாவட்டம், பிரதேச செயலர் பிரிவு என்று இரண்டு டிராப்டவுன். மாவட்டம் சரியாக வருகிறது. பிரிவு சில நேரம் வருகிறது, சில நேரம் வெறுமையாக இருக்கிறது. இணையம் மெதுவான நாளில் வருவதே இல்லை.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள், தம்பி. கிளிநொச்சி என்று வைத்ததும் சேஞ்ச் எழும்பி, கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்ற நாலு பிரிவையும் எடுத்துவர சர்வருக்குக் கோரிக்கை போகிறது. நீங்கள் அடுத்த வரியிலேயே பூநகரியை வைக்கிறீர்கள். அந்த நேரம் பட்டியலில் பூநகரி இல்லை. இல்லாததை வைக்க முடியாது. சிலர் இதற்கு ஒரு செக்கன் கழித்து ஓடும்படி செட்டைம்அவுட் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கொழும்பில் ஓடும், துணுக்காயில் ஓடாது.

பிரிவுகளை ஏற்றும் வேலையைத் தனிப் பங்ஷனாக்கி, அது ஒரு பிராமிஸை (வேலை முடிந்ததும் தெரிவிக்கும் பொருளை) திருப்பித் தரட்டும். ஆள் கையால் மாவட்டத்தை மாற்றும்போதும் அதே பங்ஷன், திருத்தும் பக்கம் திறக்கும்போதும் அதே பங்ஷன். பக்கம் திறக்கும்போது மாவட்டத்தின் பெட்டியை மட்டும் புதுப்பியுங்கள், முழுச் சேஞ்சை எழுப்பாதீர்கள். எழுப்பினால் பட்டியல் இரண்டுதரம் ஏறி, இரண்டாவது ஏற்றம் உங்கள் தெரிவை அழித்துவிடும். அப்புறம் அந்தப் பங்ஷனை அவெய்ட் போட்டுக் காத்திருந்து, முடிந்த பிறகு பூநகரியை வையுங்கள்.

இன்னொன்று. ஒருவர் கிளிநொச்சியைத் தொட்டுவிட்டு உடனே முல்லைத்தீவுக்கு மாறினால், கிளிநொச்சிக்கான பதில் பிந்தி வந்து சேரலாம். முல்லைத்தீவின் கீழே கரைச்சி வந்து நிற்கும். பதில் வந்ததும், கேட்ட மாவட்டம்தான் இப்போதும் தெரிவில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அந்தப் பதிலை விட்டுவிடுங்கள்.

மன்னார்: செலக்ட்2 தேடும்போதுதான் சர்வரிலிருந்து பெயர்களை எடுக்கிறது. முதலில் பட்டியலே காலி. அதில் எப்படித் தெரிவை வைப்பது?

புதிய ஆப்ஷன் ஒன்றை நீங்களே உருவாக்குங்கள்: பெயர், குறியெண், ட்ரூ, ட்ரூ என்ற வரிசையில். அதை செலக்ட்டில் சேர்த்து, சேஞ்சை எழுப்புங்கள். குறியெண்ணோடு பெயரும் கையில் இருக்கவேண்டும், அதற்கேற்றபடி சர்வரிலிருந்து இரண்டையும் அனுப்புங்கள்.

நெடுங்கேணி: நான் செலக்ட்2 பாவிக்கவில்லை. மற்றவைக்கு?

பூட்ஸ்ட்ராப் செலக்ட்டில் செலக்ட்பிக்கர் மெதட்டுக்குள்ளேயே வேல் என்று கொடுத்து மதிப்பை வைக்கலாம், பெட்டியும் மாறும். ஆப்ஷன்களைக் கூட்டினால் அல்லது குறைத்தால் ரெஃப்ரெஷ் வேண்டும். சோசனில், சோசன், முக்காற்புள்ளி, அப்டேட்டட் என்ற ஈவென்ட்டை எழுப்பவேண்டும். ஜேக்குவரி யூஐயின் செலக்ட்மெனுவுக்கு ரெஃப்ரெஷ். டாம் செலக்ட்டுக்கு செட்வேல்யூ.

செட்டிகுளம்: ரீசெட் பட்டனை அழுத்தினால் மற்றவை காலியாகின்றன, டிராப்டவுன் பெட்டி மட்டும் அப்படியே நிற்கிறது.

ரீசெட்டிலும் சேஞ்ச் எழும்பாது. படிவத்தின் ரீசெட் ஈவென்ட்டைக் கேளுங்கள். ஆனால் அது மதிப்புகள் திரும்புவதற்கு முன்னரே எழும்பும். அதனால் செட்டைம்அவுட்டில் 0 கொடுத்து, அதற்குள் பெட்டியைப் புதுப்பியுங்கள். இந்த இடத்தில் அது சரியான கருவிதான்.

முத்தையன்கட்டு: பிள்ளை, எங்கள் கமக்கார அமைப்புக்கு மகன் ஒரு பக்கம் செய்து தந்தான். காலபோகம், சிறுபோகம் என்று தெரிவு செய்ய டிவ்வும் பட்டனும் வைத்து ஒரு டிராப்டவுன் கட்டியிருக்கிறான். பழைய பதிவைத் திறந்தால் போகம் வருவதில்லை. அவன் இப்போது வெளிநாட்டில்.

ஐயா, டிவ்வுக்கு மதிப்பு என்று ஒன்று இல்லை. அதனால் பதிவிலிருந்து எடுத்து வைக்க இடமும் இல்லை. ஹிடன் இன்புட் ஒன்றை வைத்து மதிப்பை அதில் போட்டு, பட்டனின் எழுத்தையும் கூடவே மாற்றலாம். ஆனால் உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். இரண்டே தெரிவுக்கு வெறும் செலக்ட் போதும். உங்கள் உறுப்பினர்கள் போனில்தான் திறப்பார்கள். போனின் சொந்தப் பட்டியல் பெரிய எழுத்தில், விரலுக்கு வசதியாக விரியும். பார்வை குறைந்தவர்களுக்குத் திரைவாசிப்பானும் அதைச் சரியாகச் சொல்லும். மூடியிருக்கும் பெட்டியின் நிறம், ஓரம், அம்புக்குறி எல்லாவற்றையும் சிஎஸ்எஸ்ஸில் அப்பியரன்ஸ் நன் போட்டு மாற்றலாம். விரியும் பட்டியலையும் அழகாக்க 2025இல் குரோம் 135 பேஸ்செலக்ட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. அது இல்லாத பிரவுசரில் சாதாரண செலக்ட்டாகவே தெரியும், வேலை கெடாது.

மகனிடம் டிவ்வைக் கழற்றி செலக்ட்டைப் போடச் சொல்லுங்கள். பழைய பதிவைத் திறக்கும்போது அதன் வேல்யூவுக்குப் போகத்தைக் கொடுத்தால் சரி, ஒரு வரி வேலை.