காரூ வெளியில் யாரைத் தேடுகிறார்கள்?

கேள்வி: நம் தென்னாப்பிரிக்காவின் காரூ வறள்வெளியில் 64 தட்டு ஆண்டெனாக்களை நிறுத்தி வேற்றுக்கிரகவாசிகளைத் தேடுகிறார்களாம். இங்கே குழாயில் நாளைக்குத் தண்ணீர் வருமா என்பதே சந்தேகம். பல நூறு கோடி ராண்டைக் கொட்டி இது தேவையா? அண்டங்கள் நூற்றொரு கோடிக்கும் மேல் என்று மாணிக்கவாசகர் என்றைக்கோ பாடிவிட்டார். நம் நேட்டாலிலேயே, டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில், எலிசபெத் கிளேரர் அம்மையார் வேற்றுக்கிரகத்து மனிதரோடு பழகியிருக்கிறார். அவர் சொன்ன ஆல்ஃபா சென்டாரி விண்மீன் கூட்டத்தில் கோள் இருப்பது 2016-ல் உறுதியாகிவிட்டது. பிறகு என்ன தேடல்? நாளைக்கே ஒரு சிக்னல் வந்தால் தமிழில் பதில் போகுமா?
(ஒரு வாசகர், டோங்காட்)

பதில்: ஐயா, வீண் செலவு என்கிறீர்கள். நமக்கு முன்பே தெரியும் என்கிறீர்கள். வேற்றுக்கிரகவாசிகள் ஏற்கெனவே வந்துபோய்விட்டார்கள் என்றும் சொல்கிறீர்கள். மூன்றும் ஒரே கடிதத்தில்! முதலில் காசு விஷயத்தை முடித்துவிடுவோம்.

காரூவில் நிற்கும் அந்த மீர்காட் ரேடியோ தொலைநோக்கி வேற்றுக்கிரகவாசிகளுக்காகக் கட்டப்பட்டதல்ல. 2018 ஜூலையில் திறந்தார்கள். 64 தட்டுகள், ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் அகலம், பெரும்பகுதி வேலை உள்நாட்டிலேயே நடந்தது. விண்மீன் மண்டலங்களில் இருக்கும் ஹைட்ரஜன், பல்சார்கள் என்ற துடிக்கும் விண்மீன்கள், நம் பால்வீதியின் நடுப்பகுதி ஆகியவற்றை ஆராய்வதுதான் அதன் வேலை. பால்வீதியின் மையத்துக்கு மேலும் கீழுமாக 1,400 ஒளியாண்டு நீளத்துக்கு ரேடியோ அலைக் குமிழிகள் இரண்டு ஊதிக் கிடப்பதை 2019-ல் உலகுக்குக் காட்டியது இந்தத் தட்டுகள்தான். வேற்றுக்கிரகத் தேடல், கல்யாணத்துக்குப் போகிற பஸ்ஸில் ஓர் ஓரமாக ஏறிக்கொண்ட ஆள் மாதிரி. வானியலாளர் தம் வேலைக்காகத் தட்டைத் திருப்பி வைத்திருக்கும்போது, அதே தரவின் ஒரு நகலை இன்னொரு கணினிக் கூட்டம் வாங்கி அலசுகிறது. தொலைநோக்கி நேரத்தில் ஒரு நிமிடம்கூடத் தனியாகக் கேட்பதில்லை. அந்தக் கணினிகளுக்குப் பின்னால் இருப்பது பிரேக்த்ரூ லிசன் என்ற திட்டம். யூரி மில்னர் என்ற செல்வந்தர் 2015-ல் பத்தாண்டுகளுக்குப் பத்துக் கோடி டாலர் என்று அறிவித்துத் தொடங்கியது. மீர்காட்டில் அவர்கள் வேலை 2022 டிசம்பரில் ஆரம்பித்தது. பக்கத்து விண்மீன்கள் பத்து லட்சத்தைப் பார்த்துவிடுவது இலக்கு.

டோங்காட் தண்ணீர்க் கஷ்டம் எனக்கும் தெரியும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் போய், மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றவர்கள் நீங்கள். அந்தக் கோபம் நியாயம். ஆனால் கேட்க வேண்டிய இடம் இருக்கும்போது அதைக் காரூ ஆட்டுக்காட்டின் மேல் ஏன் இறக்குகிறீர்கள்?

மாணிக்கவாசகரை விட்டுவிடுங்கள். அவருடைய திருவாசகத்தில் வரும் திருவண்டப்பகுதியை நானும் ஓதியவன்தான். நூற்றொரு கோடிக்கு மேல் விரிந்த அண்ட உருண்டைகள், வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கிற தூசி போலச் சிறுத்துத் தெரியும்படி ஈசன் அவ்வளவு பெரியவன் என்கிறார் அவர். என்ன ஒரு கற்பனை! ஆனால் அந்த உருண்டைகளில் யார் குடியிருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வரவும் இல்லை. பக்திப் பாட்டைப் பிடித்து ஆய்வறிக்கை ஆக்கினால் இழுக்கு பாட்டுக்குத்தான்.

கிளேரர் அம்மையார் விஷயம் வேறு. 1994-ல் மறைந்துவிட்டார், அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லப் போவதில்லை. ஏகான் என்ற வேற்றுக்கிரகத்து மனிதரோடு விண்கலத்தில் போனேன், ஆல்ஃபா சென்டாரிப் பக்கத்துக் கோளில் ஒரு பிள்ளையும் பெற்றேன் என்றார். சோதித்துப் பார்க்க என்ன விட்டுப் போனார்? 2016-ல் கண்டுபிடித்த கோள் அந்தக் கூட்டத்து மூன்றாவது விண்மீனான பிராக்சிமாவைச் சுற்றுவது. நிறை குறைந்தபட்சம் பூமியை விடச் சற்று அதிகம். அதன் வருஷம் நம் கணக்கில் 11 நாள்தான். அவ்வளவு நெருக்கத்தில், அடிக்கடி சீறி வெடிக்கிற ஒரு சிவப்புக் குள்ள விண்மீனைச் சுற்றுகிறது. அம்மையார் வர்ணித்த சொர்க்கம் போன்ற ஊர் அங்கே இருக்கிறது என்பதற்கு அந்தக் கண்டுபிடிப்பில் ஒரு வரிகூட இல்லை. ஏதோ ஒரு கோள் இருக்கிறது என்பதும், அவர் போய் வந்தார் என்பதும் ஒன்றா?

அதே பிராக்சிமாவை வைத்தே தேடுகிறவர்களின் லட்சணத்தைச் சொல்கிறேன். 2019-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி அந்த விண்மீனை நோக்கி இருந்தபோது, 982 மெகாஹெர்ட்ஸில் ஊசி முனை போன்ற ஒரு சிக்னல் பதிவானது. இயற்கையில் எதுவும் அவ்வளவு குறுகலாக ஒலிபரப்புவதில்லை. தட்டை வேறு பக்கம் திருப்பினால் காணாமல் போனது, திரும்ப வந்தால் இருந்தது. அதிர்வெண் மெல்ல நகரவும் செய்தது; தூரத்துக் கோள் ஒன்றிலிருந்து வந்தால் அப்படித்தான் நகரும். நாமாக இருந்தால் மறுநாளே மாலை போட்டிருப்போம். அவர்கள் என்ன செய்தார்கள்? பழைய பதிவுகளையெல்லாம் கிளறி, அதே சாயலில் வேறு அதிர்வெண்களில் டஜன் கணக்கில் சிக்னல்கள் இருப்பதை எடுத்தார்கள். அவற்றில் சில, தட்டு பிராக்சிமாவைப் பார்க்காதபோதும் வந்தவை. பூமியில் உள்ள ஏதோ மின்னணுச் சாதனங்களின் அதிர்வுகள் ஒன்றோடொன்று கலந்து கிளப்பியது என்று 2021-ல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். தங்கள் தலைப்புச் செய்தியைத் தாங்களே கிழித்துப் போட்டார்கள்.

இதே பார்க்ஸில் இன்னொரு கூத்து. பல வருஷமாகப் புரியாமல் இருந்த ஒருவகை ரேடியோத் துடிப்பு, வளாகத்து மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து வந்தது என்று 2015-ல் பிடித்தார்கள். சாப்பாடு சூடாகி மணி அடிக்கும் வரை பொறுக்காமல் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதனால்தான் நம் காரூவுக்கு மதிப்பு. கார்னார்வன் ஊரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி, சுற்றிலும் குன்றுகள். உள்ளே போகிறவர்கள் கைப்பேசியை அணைக்க வேண்டும். வண்டி டீசலாக இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் பொறிகூட ரேடியோ இரைச்சல்தான். கணினிகளைக்கூட மண்ணுக்கு அடியில் புதைத்துக் கட்டியிருக்கிறார்கள், தங்கள் இரைச்சல் தங்கள் காதிலேயே விழாமல் இருக்க. இந்த அமைதியைக் காக்க 2007-லேயே நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. கைப்பேசி சரியாக எடுக்காமல் தவிக்கிற சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் கேள்வி கேட்டால் அதை நான் மரியாதையாகக் கேட்பேன். இந்தத் தொலைநோக்கிக்கு உண்மையில் விலை கொடுக்கிறவர்கள் அவர்கள்.

இதுவரை என்ன கிடைத்தது என்றால், ஒன்றும் இல்லை. 1960-ல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் இரண்டே இரண்டு விண்மீன்களை நோக்கித் தட்டைத் திருப்பிய நாளிலிருந்து ஒன்றும் இல்லை. 1977-ல் ஒஹையோவில் 72 விநாடி வந்த ஒரு சிக்னல் மட்டும் திரும்ப வரவும் இல்லை, விளங்கவும் இல்லை. திரும்ப வராததைக் கண்டுபிடிப்புக் கணக்கில் அவர்கள் எழுதவும் இல்லை.

கடைசிக் கேள்வி, தமிழில் பதில். 1989-ல் இந்தத் துறையினர் ஒரு நெறிமுறை வகுத்தார்கள்: சிக்னல் உறுதியானால் உலகுக்குச் சொல்ல வேண்டும், நாடுகள் கலந்து பேசாமல் யாரும் பதில் அனுப்பக் கூடாது. ஆகவே எந்த மொழியிலும் உடனே பதில் கிடையாது. ஆனால் முன்பே புறப்பட்டுப் போன ஒன்று இருக்கிறது. 1977-ல் ஏவிய வாயேஜர் விண்கலங்களின் தங்க இசைத்தட்டில் 55 மொழிகளில் வணக்கம் பதிந்திருக்கிறார்கள். தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, நம் அக்கம்பக்கத்து ஸூலுவும் இருக்கிறது. தமிழ் இல்லை. சதி என்று கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழக வட்டாரத்தில் கைக்குக் கிடைத்தவர்களைப் பேசவைத்து அவசரமாகப் பதிந்தது அது. திருத்தம் கோரி மனு எழுதியே தீருவேன் என்றால், வாயேஜர்-1 இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் விநாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள்.