ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) பக்கத்தின் ஒரு துண்டை மட்டும் அனுப்புவது: கேள்வி பதில்

கேள்வி: பின்னூட்டப் பட்டியலை ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் வழியாக எடுத்தேன். டிவ்வுக்குள் மெனு, ஃபுட்டர் எல்லாம் சேர்ந்து முழுப் பக்கமும் வந்து உட்கார்ந்துவிட்டது.

பதில்: உங்கள் டெம்ப்ளேட், மெனுவும் ஃபுட்டரும் உள்ள பேஸ் டெம்ப்ளேட்டை எக்ஸ்டெண்ட் செய்கிறது, அதனால்தான். மாறும் பகுதியை மட்டும் வெட்டித் தனிக் கோப்பில் வையுங்கள். அதில் எக்ஸ்டெண்ட்ஸ் வரி இருக்கக் கூடாது. முழுப் பக்கம் அதை இன்க்ளூட் செய்துகொள்ளட்டும். ஏஜாக்ஸ் கோரிக்கை (பக்கத்தை மாற்றாமல் ஸ்கிரிப்ட் அனுப்புவது) என்றால் துண்டுக் கோப்பு, இல்லையென்றால் முழுக் கோப்பு. வியூவும் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஃபங்ஷன்) கான்டெக்ஸ்டும் (டெம்ப்ளேட்டுக்குக் கொடுக்கும் தரவு) ஒன்றேதான். பட்டியலைக் காட்டும் லூப்பை இரண்டு கோப்பிலும் காப்பி அடித்து வைத்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது கட்டாயம் மறந்துபோகும்.

கேள்வி: ஏஜாக்ஸா என்று பார்க்க இஸ்_ஏஜாக்ஸ் போட்டால் ஆட்ரிபியூட் எரர் வருகிறது சார்.

பதில்: அதை ஜாங்கோ 3.1-லேயே கைவிடுவதாக அறிவித்து, 4.0-இல் எடுத்துவிட்டார்கள். ரிக்வெஸ்டின் ஹெடர்களில் 'எக்ஸ்-ரிக்வெஸ்டட்-வித்' இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஜேக்வெரி அதைத் தானாக அனுப்பும். ஃபெட்ச் அனுப்பாது, கையால் சேர்க்க வேண்டும்.

கேள்வி: துண்டுக்குள் இருக்கும் ஃபார்மை அனுப்பினால் 403 (அனுமதி மறுப்பு) வருகிறது. சிஎஸ்ஆர்எஃப் டேக் (போலிக் கோரிக்கையைத் தடுக்கும் டோக்கனை ஃபார்மில் வைப்பது) போட்டுத்தான் இருக்கிறேன்.

பதில்: டெம்ப்ளேட்டை வெறும் ஸ்ட்ரிங்காகத் தரும் ரெண்டர்_டு_ஸ்ட்ரிங் பயன்படுத்துகிறீர்களா? மூன்றாவதாக ரிக்வெஸ்டைக் கொடுக்காவிட்டால் அந்த டேக் வெறுமையாகத்தான் வரும். எல்லா டெம்ப்ளேட்டுக்கும் பொதுவான தரவைச் சேர்க்கும் கான்டெக்ஸ்ட் பிராசசர்கள் ஓடாததால் யூசரும் காலியாக இருக்கும். ஜேசானுக்குள் எச்டிஎம்எல்லோடு எண்ணிக்கையும் போக வேண்டும் என்றால்தான் ரெண்டர்_டு_ஸ்ட்ரிங் தேவை. துண்டு மட்டும் போதும் என்றால் வழக்கமான ரெண்டரே போதும்.

கேள்வி: சில நேரம் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் லாகின் பக்கம் தெரிகிறது.

பதில்: செஷன் முடிந்திருக்கும். வியூவின் மேல் போட்டிருக்கும் லாகின்_ரிக்வயர்ட், லாகின் பக்கத்துக்குத் திருப்பும் 302 அனுப்புகிறது. ஃபெட்ச் சத்தமில்லாமல் அதைத் தொடர்ந்து போய், லாகின் பக்கத்தை 200-ஆகக் கொண்டுவந்து தருகிறது. உங்கள் ஸ்கிரிப்டுக்கு எல்லாம் சரியாக நடந்த மாதிரிதான் இருக்கும். ஏஜாக்ஸ் என்றால் 302-க்குப் பதில் 401 (லாகின் தேவை) அனுப்பும் சின்ன டெக்கரேட்டர் எழுதுங்கள். ஸ்கிரிப்டில் 401 வந்தால் முழுப் பக்கத்தையும் லாகினுக்குத் திருப்புங்கள்.

கேள்வி: வேறு பக்கம் போய் பேக் பட்டனை அழுத்தினால், ஸ்டைல் எதுவும் இல்லாமல் வெறும் துண்டு மட்டும் வருகிறது!

பதில்: ஒரே முகவரிக்கு இரண்டு விதமான பதில் அனுப்புவதன் விளைவு இது. பிரவுசர் கடைசியாக வந்த துண்டைக் கேஷில் வைத்திருக்கிறது, பேக்கில் அதையே எடுத்து நீட்டுகிறது. இரண்டு பதில்களிலும், துண்டில் மட்டுமல்ல, ஜாங்கோவின் பேட்ச்_வேரி_ஹெடர்ஸ் மூலம் 'எக்ஸ்-ரிக்வெஸ்டட்-வித்' என்ற பெயரை 'வேரி' ஹெடரில் (எந்த ஹெடரைப் பொறுத்துப் பதில் மாறும் என்று கேஷுக்குச் சொல்வது) சேர்த்துவிடுங்கள். துண்டுக்குத் தனி முகவரியே கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. என் ஓட்டு அதற்குத்தான்.

கேள்வி: டேபிள் வரிசையை அனுப்பினால் டிஆர், டிடி காணாமல் போய் எழுத்து மட்டும் மிஞ்சுகிறது.

பதில்: டிவ்வின் இன்னர்எச்டிஎம்எல்லில் போட்டிருப்பீர்கள். டேபிளுக்கு வெளியே வரும் டிஆரைப் பார்சர் தூக்கி எறிந்துவிடும். டேபிளின் டிபாடியில் இன்சர்ட்அட்ஜசன்ட்எச்டிஎம்எல் போடுங்கள்.