மெல்பர்னில் டிரெய்லர் இழுப்பது: புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். டாண்டினாங்கில் ஷேர் வீட்டில் இருந்த நீங்கள், மனைவியும் குழந்தையும் வரப்போவதால் டார்னெய்ட் பக்கம் தனி வீடு பிடித்திருக்கிறீர்கள். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா எல்லாம் பேசி முடித்தாயிற்று. விற்பவர்கள் யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள். நீங்கள் வாங்கிய பழைய ராவ்4 காரின் பின்னால் டிரெய்லர் மாட்டுவதற்கான டவ் பார் இருக்கிறது. டிரெய்லர் வாடகைக்கு எடுத்து நானே இழுக்கலாமா, நடுவழியில் ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்கிறீர்கள்.

தாராளமாக இழுக்கலாம். ஊரில் என்றால் ஒரு குட்டியானையைக் கூப்பிட்டால் டிரைவரும் லோடுமேனுமாக வந்து எல்லாவற்றையும் ஏற்றி இறக்கிவிட்டுப் போவார்கள். இங்கே ஆள் கூலிதான் பெரிய செலவு. அதனால்தான் சனி, ஞாயிறுகளில் பாதி மெல்பர்ன் டிரெய்லரும் கையுமாக அலைகிறது.

ஆனால் வீடு மாறும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் டிரெய்லர் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கட்டில், மெத்தை, பெட்டி, பாத்திரம் என்று மொத்தமாக ஏற்றுவதற்கு ஒரு வேனோ சின்ன டிரக்கோ எடுங்கள். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் சாதாரணக் கார் லைசென்ஸ் 4.5 டன் வரை மொத்த எடை உள்ள வண்டிக்குச் செல்லும். மழை வந்தாலும் மெத்தை நனையாது. மெல்பர்னில் மழை எப்போது வரும் என்று சொல்லவும் முடியாது. ஒரு ஃபிரிட்ஜ், ஒரு சோபா, கொல்லைக்கு ஒரு லோடு மண், டிப் எனப்படும் குப்பைக் கிடங்கில் கொட்டவேண்டிய குப்பை, இந்த மாதிரி வேலைகளுக்குத்தான் டிரெய்லர்.

லைசென்ஸைப் பாருங்கள். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் ஒட்டும் பி தகட்டில் சிவப்பு உங்கள் காரில் இருந்தால், வேலை நிமித்தம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, விக்டோரியாவில் டிரெய்லர் இழுக்கக் கூடாது. பச்சை பி என்றால் இந்தத் தடை இல்லை. சிட்னிக்காரர்கள் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், அங்கே விதி வேறு.

அடுத்தது கார். டவ் பார் இருக்கிறது என்பதற்காகக் கார் எதையும் இழுத்துவிடும் என்று அர்த்தமில்லை. உங்கள் ராவ்4 விஷயத்தில் இது முக்கியம். 2019இல் இங்கே வந்த தலைமுறை ராவ்4 ஹைபிரிடில், முன்சக்கரம் மட்டும் இயங்கும் மாடலுக்கு இழுவை வரம்பு 480 கிலோதான். நான்கு சக்கரமும் இயங்கும் மாடலுக்கு, டிரெய்லரில் பிரேக் இருந்தால் 1500 கிலோ. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார்! உங்களுடையது அதைவிடப் பழையது என்றால் எண்கள் வேறாக இருக்கும். ஓனர்ஸ் மேனுவலையும் டவ் பாரில் அடித்திருக்கும் தகட்டையும் பாருங்கள்; இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

வாடகைக்குக் கிடைக்கும் டிரெய்லரில் பொதுவானது 6க்கு 4 அடி, கூண்டு வைத்தது. பன்னிங்ஸ் என்ற ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும், சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். இங்கே பெட்ரோல் பங்கை சர்வோ என்பார்கள். ஆஸ்திரேலியச் சட்டப்படி 750 கிலோ வரையிலான டிரெய்லருக்குத் தனி பிரேக் தேவையில்லை. அதைத் தாண்டினால் பிரேக் வேண்டும். 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும். பிரேக் இல்லாத சின்ன டிரெய்லரின் தகட்டில் 750 என்று எழுதியிருப்பதைப் பார்த்து அவ்வளவு சாமான் ஏற்றலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் டிரெய்லரின் சொந்த எடையும் சேர்த்தி. கூண்டோடு வெறும் டிரெய்லரே 200 கிலோவுக்கு மேல் இருக்கும். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் சேர்ந்தால்கூட 200 கிலோவைத் தொடாது, அதனால் உங்கள் வேலைக்குப் பயமில்லை. ஆனால் புது வீட்டில் கறிவேப்பிலைச் செடி வைக்க மண் வாங்கப் போவீர்கள் இல்லையா, அப்போது கவனம். ஒரு கன மீட்டர் தோட்டமண் ஏறக்குறைய 1.3 டன் இருக்கும், ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். லோடர் வைத்து அரை கன மீட்டர் கொட்டினாலே சின்ன டிரெய்லரின் கணக்கு தாண்டிவிடும். டிரெய்லரில் பாதிதானே நிறைந்திருக்கிறது என்று கண் ஏமாற்றும்.

மாட்டுவதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். டிரெய்லரால் வரும் வினையில் பெரும்பங்கு ஓட்டுவதில் இல்லை, மாட்டுவதிலும் ஏற்றுவதிலும்தான் இருக்கிறது. டவ் பாரின் நுனியில் இருக்கும் உருண்டைதான் டவ் பால், இங்கே வழக்கமான அளவு 50 மில்லிமீட்டர். அதைக் கவ்விப் பிடிக்கும் டிரெய்லரின் கப்ளிங்கிலும் 50 என்று அடித்திருக்கிறதா என்று பாருங்கள். அளவு பொருந்தாத கப்ளிங் வெறுமனே உட்கார்ந்திருக்கும், பள்ளத்தில் குதிக்கும்போது கழன்றுவிடும். பூட்டியதும் முன்பக்கத்துச் சின்னச் சக்கரத்தைச் சுற்றி டிரெய்லரின் மூக்கை மேலே தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் சரியாகப் பூட்டியிருக்கிறது. மூக்கு மட்டும் தனியாக எழும்பினால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். சோதித்த பிறகு அந்தச் சின்னச் சக்கரத்தை மடக்கிப் பூட்டவோ கழற்றி வைக்கவோ மறக்காதீர்கள்.

அப்புறம் செயின். இரண்டு செயின் இருந்தால் கப்ளிங்குக்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் போகும்படி மாட்ட வேண்டும். கப்ளிங் கழன்றால் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் செயின் மேல் விழும். திரும்பும்போது இழுபடாத அளவு தொய்வு இருக்கட்டும், ஆனால் தரையில் உரசக் கூடாது. செயினைக் காரோடு இணைக்க எடை அளவு பொறித்த ஷாக்கிள் என்ற இரும்பு வளையத்தைத்தான் போட வேண்டும், கம்பி வைத்துக் கட்டுவதெல்லாம் இங்கே வேண்டாம். கடைசியாக லைட் பிளக். தட்டையான 7 பின், உருண்டையான 7 பின் என்று இரண்டு விதம் உண்டு. உங்கள் காரில் எது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் கடையில் அடாப்டர் வேண்டுமா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் எரிகிறதா என்று ஒருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்லட்டும்.

ஏற்றும்போது கனமான பொருள் அச்சுக்குச் சற்று முன்னால் வர வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு டவ் பால் மேல் இறங்குவது நல்லது. பின்கதவை ஒட்டி வாஷிங் மெஷினை வைத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், வேகம் கூடியதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். முன்கோடியில் எல்லாவற்றையும் குவித்தால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரத்தின் பிடி குறையும். ஃபிரிட்ஜை நிமிர்த்தி வைத்தே கொண்டுபோங்கள், கதவுகளை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கட்டுவதற்குத் துணிக்கயிறோ நைலான் கயிறோ வேண்டாம், பிடியை ஆட்டி இறுக்கும் பட்டையான ராட்செட் ஸ்ட்ராப் வாங்குங்கள். சோபா மெத்தைகளைத் தனியே எடுத்துக் காருக்குள் வைத்துவிடுங்கள். காற்றில் முதலில் பறப்பவை அவைதான். சாமான் ரோட்டில் விழுந்தால் அபராதம் என்பதைவிட, பின்னால் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் வந்துகொண்டிருப்பார் என்பதுதான் யோசிக்க வேண்டியது. ஏதாவது பின்னால் 1.2 மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புக் கொடி கட்ட வேண்டும். கிளம்பிச் சில கிலோமீட்டர் போனதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஸ்ட்ராப்களை ஒருமுறை இறுக்குங்கள். சாமான் உட்கார்ந்ததும் ஸ்ட்ராப் தளர்ந்திருக்கும்.

டாண்டினாங்கிலிருந்து டார்னெய்ட்டுக்கு உங்கள் வழி மொனாஷ் ஃப்ரீவே, சிட்டிலிங்க், வெஸ்ட்கேட் பாலம். சிட்டிலிங்கில் டோல் உண்டு, முன்பே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட்கேட் பாலத்தில் காற்று பலமாக அடிக்கும், அந்த நாட்களில் வேக வரம்பையே குறைத்துவிடுவார்கள். திறந்த டிரெய்லரில் நின்றுகொண்டிருக்கும் ஃபிரிட்ஜ் அந்தக் காற்றை அப்படியே வாங்கும். இடது தடத்திலேயே 80ஐத் தாண்டாமல் போங்கள். முன்னால் போகும் வண்டிக்கு வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள், பிரேக் இல்லாத டிரெய்லர் காரைத் தள்ளும். நகரின் நடுவில் ஹூக் டர்ன் (இடது ஓரத்திலிருந்து வலப்பக்கம் திரும்புவது), டிராம் எல்லாம் இருக்கிறது. கூகுள் மேப் குறுக்கு வழி என்று உள்ளே இழுத்தாலும் போகாதீர்கள்.

பெரிய டிரக் கடக்கும்போது டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அதை அழுத்தாதீர்கள். வேகத்தைக் கூட்டி நேராக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அதுவும் தவறு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆட்டத்தை எதிர்த்துத் திருப்ப வேண்டாம். வேகம் குறையக் குறைய அடங்கிவிடும். அப்புறம் நிறுத்தி, ஏற்றியதை மாற்றி அடுக்குங்கள்.

ரிவர்ஸுக்கு ஒரே ஒரு உத்தி. ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரின் பின்புறமும் அந்தப் பக்கமே போகும். கோணல் அதிகமானால் போராடாமல் முன்னால் போய் நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள். சின்ன டிரெய்லர் நீளமானதைவிடச் சீக்கிரம் மடங்கும், அதனால் நத்தை வேகம்தான். வேண்டுமானால் ஒரு ஞாயிறு காலை காலியான கார் பார்க்கில் பழகலாம், நானும் வருகிறேன்.

இனி நடுவழிச் சிக்கல். உங்கள் காரின் ஸ்டெப்னி பெரும்பாலும் டிரெய்லருக்குப் பொருந்தாது. வாடகை டிரெய்லரில் ஸ்டெப்னி இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. எடுக்கும்போதே டயரில் வெடிப்பு இருக்கிறதா, நட்டுகள் இறுக்கமா என்று பாருங்கள், பஞ்சரானால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வண்டி நின்றுவிட்டால் வந்து உதவும் ரோட்சைட் அசிஸ்டன்ஸை இப்போதே எடுத்துவிடுங்கள். விக்டோரியாவில் பலரும் வைத்திருப்பது ஆர்.ஏ.சி.வி. என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தினுடையது, எண் 13 11 11. சில கார் கம்பெனிகள் சர்வீஸோடு சேர்த்தும் தருவார்கள். நின்ற இடத்திலிருந்து போன் போட்டுச் சேரலாம், ஆனால் கூடுதல் பணம் கேட்பார்கள். "கார் நின்றால் டிரெய்லரையும் எடுத்துப்போவீர்களா?" என்று சேரும்போதே கேளுங்கள். மலிவான பிளானில் கார் மட்டும் என்றால், காரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், நீங்கள் ஃபிரிட்ஜோடு ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான்.

ஃப்ரீவேயில் டயர் போனால் ஹஸார்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாக அடுத்த எக்ஸிட் வரை உருட்டப் பாருங்கள். ரிம் கெட்டால் கெடட்டும், ரிம்மை வாங்கிக்கொள்ளலாம். முடியாவிட்டால் எமர்ஜென்சி லேனில் இடது ஓரமாக ஒட்டி நிறுத்துங்கள். எல்லோரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். குழந்தை தூங்குகிறது, குளிராக இருக்கிறது என்று காருக்குள் விடக் கூடாது. டிரெய்லருக்கும் காருக்கும் நடுவில் நிற்கவே கூடாது. வலப்பக்க டயரை அங்கேயே குந்தி மாற்றுகிறேன் என்று ஜாக்கியை எடுக்காதீர்கள், ஆள் வரட்டும்.

ஓடும் தடத்தின் நடுவிலேயே வண்டி நின்று, இறங்கவும் வழியில்லை என்றால் பெல்ட்டைக் கழற்றாமல் ஹஸார்ட் போட்டுவிட்டு 000 அழையுங்கள். "வண்டி நின்றதற்குப் போய் எமர்ஜென்சியைக் கூப்பிடுவதா" என்று நம் ஆட்கள் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். பல ஃப்ரீவேக்களில் கேமரா பார்த்து மேலே உள்ள பலகையில் சிவப்பு எக்ஸ் போட்டு அந்தத் தடத்தை மூடிவிடுவார்கள். எமர்ஜென்சி பிளஸ் என்ற இலவச ஆப்பைப் போனில் போட்டு வையுங்கள், நிற்கும் இடத்தை அது காட்டும். பாதி மெல்பர்ன் பெயர்களை நம் நாக்கில் சொல்லி அவர்களுக்குப் புரியவைப்பது தனிக் கதை.

மோதல் நடந்துவிட்டால் டோ டிரக் விஷயத்தில் உஷாராக இருங்கள். மெல்பர்னில் விபத்து வண்டியை எடுக்க 13 11 76 என்ற எண்ணை அழைத்தால் முறைப்படி ஒரு டிரக்கை ஒதுக்குவார்கள், கட்டணமும் வரையறுத்தது. கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். இழுத்துச் செல்ல அனுமதிப்பது ஒரு தாள், ரிப்பேருக்கு அனுமதிப்பது வேறொன்று. இரண்டாவதில் அங்கேயே நின்று கையெழுத்துப் போடத் தேவையில்லை, முதலில் இன்ஷூரன்ஸ்காரரிடம் பேசுங்கள். விபத்து இல்லாமல் வெறுமனே நின்றுபோன வண்டிக்கு அந்த ஒதுக்கீட்டு முறை கிடையாது. தனியார் டிரக் வந்தால் எவ்வளவு, எங்கே வரை, டிரெய்லரும் சேர்த்தா என்று பேசி முடித்த பிறகே கொக்கி மாட்ட விடுங்கள்.